போணிக்கு முன்னே

ஜரிங்கான் என்றால் மலாயில் வலைப்பின்னல். மீன் பிடிக்கிற வலைக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரே வேர்தான். நாலு பல்கலைக்கழகங்கள் கைகோத்துக்கொண்டு, பெயரிலேயே வலையை வைத்துக்கொண்டு வந்தால், யாராவது மாட்டத்தானே வேண்டும்? அது அன்றைக்குப் பத்மாவதிக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் போயிருப்பாள். அவளுக்கு வேறு வழி எங்கே இருந்தது?

மலேசிய வெள்ளியின் மதிப்பு சரிந்து கிடந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. பினாங்கு பாயான் லெப்பாஸில் அவள் கணவன் சந்திரசேகரன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் டிஸ்க் கம்பெனி ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் சம்பளம் என்று வந்தது இனி பத்மாவதியுடையதுதான். அதுவும் நிரந்தரம் இல்லை. பல்கலைக்கழக வேதியியல் துறையில் அவள் ஒப்பந்த ஆய்வாளர். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அவளுடைய ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த ரொஸ்னாவுக்கும் அதே டிசம்பர்தான் கெடு.

ஐந்து வருஷமாக அந்த இரண்டு பெண்களும் ஜாதிக்காயோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். பாலேக் பூலாவ் தோட்டத்துக்காரர்கள் ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் எடுத்தது போக ஓட்டையும் தோலையும் குப்பையில் கொட்டுவார்கள். இவர்கள் அதைச் சாக்கில் அள்ளிவந்து, காயவைத்து, இடித்து, அதன் சாரத்தை இறக்கி, மரத்தூளில் ஊறவைத்துச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டினார்கள். பருப்பு மூட்டைக்குள் ஒரு பொட்டலம் போட்டால் மாதக் கணக்கில் வண்டு அண்டாது. பினாங்கு ஈரத்தில் துவரம்பருப்பை வண்டு இல்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா?

இந்த நேரத்தில்தான் ஜரிங்கான் வந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தொழில் தொடங்கும் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் கொடுத்த பெரிய நிதி. பினாங்கில் அதைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் அம்பிகைபாகன். ஒரு காலத்தில் வேதியியல்காரர். சோதனைக்குழாயைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று அவருக்கே நினைவிருக்காது.

"பத்மா, சயன்ஸ் மட்டும் பத்தாது. பிசினஸ்காரங்க மாதிரி யோசிக்கப் பழகணும்" என்றார்.

"யோசிக்கிறேன் டாக்டர். முதல்ல என் ஃப்ரீசரை ரிப்பேர் பண்ணிக் குடுங்க. அது ஓடாம எடுத்த சாரமெல்லாம் கெட்டுப்போகுது. ரொஸ்னா டெய்லி கேண்டீன்ல ஐஸ் கெஞ்சி வாங்கிட்டு வர்றா."

"அதுக்கு இந்த ஃபண்ட்ல இடமில்லையே. இது ஸ்கில்ஸ் ஃபண்ட். ஃப்ரீசர் ஸ்கில் இல்லல்லா!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "கோர்ஸ்ல சேருங்க. ஜெயிக்கிற டீமுக்கு லேப் கண்டினியூ ஆகும். உங்களுக்கும் ரொஸ்னாவுக்கும் வேலை நிக்கும். நான் எழுதித் தர்றேன்."

பத்து பிரிங்கி என்ற ஊரில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வகுப்பு. கால் புதையும் கம்பளம். ஆளுக்கொரு பை, சட்டை, தொப்பி. பதினோரு மணிக்கு வாழைப்பழ அப்பம், மத்தியானம் ஒரு விருந்து, மூன்றரைக்குக் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி. அந்த வாழைப்பழ அப்பத்துக்குச் செலவழித்ததில் பாதி இருந்தால் ஃப்ரீசர் ஓடியிருக்கும். பத்மாவதி அதைச் சாப்பிடவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் சொன்ன ஒரு விஷயம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "உங்கள் பொருளைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். வாங்குகிறவரிடம் போய்க் கேளுங்கள். சந்தை சொல்லும், காது கொடுங்கள்" என்றார் அவர். கேட்பதும் அளப்பதும் ஆராய்ச்சிக்காரிக்குப் புதிதா என்ன? கடைக்காரர்களைக் காலையில் கடை திறந்ததும் போய்ப் பாருங்கள், கூட்டம் சேருவதற்கு முன்னால் என்றும் சொன்னார். அதையும் பத்மாவதி மனதில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பிட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கந்தப்பு பிடித்துக்கொண்டார். ரெயில்வே கந்தோரில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் யாழ்ப்பாணத்துப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

"டொக்டர் பட்டம் எடுத்த பிள்ளை கடை கடையாய் ஏறி இறங்கப் போறியோ?"

"விக்கப் போகலப்பா. கேக்கத்தான் போறேன்."

"கேக்கிறதும் யாவாரம்தான். எங்கட ஆக்களிலை ஆராவது தராசு பிடிச்சிருக்கினமோ? கந்தோர், பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி. அதுதான் எங்கட வழி."

"தராசு பிடிச்சவன்தான் மாமா இப்ப நல்லா சாப்பிடறான்" என்றான் சந்திரசேகரன், சொதியை ஊற்றிக்கொண்டே. "நான் டிஸ்க் பிடிச்சேன். இந்தா, வீட்ல உக்காந்திருக்கேன்லா."

கந்தப்பு சொன்னதிலும் ஒன்று உண்மை. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒருவரும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றதில்லை. கடைக்காரன் எப்போது என்ன பேசுவான், எதைப் பேசமாட்டான் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தபோது கடைகள் அப்போதுதான் கதவுப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தன. நல்லமுத்து மளிகையில் சாம்பிராணிப் புகை. வாசலில் மல்லி மூட்டையும் வற்றல் மூட்டையும் வாய் திறந்து உட்கார்ந்திருந்தன. நல்லமுத்து கனத்த குரல்காரர். அந்தத் தெருவில் மூன்று கடையும் துறைமுகத்துப் பக்கம் சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியும் வைத்திருந்தவர்.

"வாங்கம்மா, வாங்க வாங்க. மழைல நனைஞ்சிட்டீங்களே. உக்காருங்க. தே குடிக்கிறீங்களா?"

பத்மாவதி விஷயத்தைச் சொன்னாள். பொட்டலத்தை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தார்.

"அடடா! என்ன மணம். கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கு. நம்ம புள்ள கண்டுபிடிச்சதா? ரொம்ப சந்தோஷம்மா."

"உங்க கடைக்கு இது வேணுமா அண்ணே? வாங்குவீங்களா?"

"ஏன் வாங்காம? செய்வோம், செய்வோம். நீங்க கொண்டாங்க, பார்ப்போம்."

அடுத்த கடையில் வடிவம்மாள், மாவு மில்காரி. "ஆகட்டும் தாயீ, நல்லதுதானே" என்று பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கடுத்த கடையில் "பேஷா செய்யலாம்". குவீன் ஸ்ட்ரீட் முனை வரைக்கும் போனாள். அந்த வாரம் முழுக்கக் காலையில் காலையில் போனாள். ஒருத்தராவது வேண்டாம் என்று சொன்னால்தானே?

வகுப்பில் இதைச் சொன்னதும் கைதட்டினார்கள். அம்பிகைபாகன் எழுந்து நின்று தட்டினார். "பார்த்தீங்களா, ஒரு தெருவே சரின்னுடுச்சு!" என்று நாலு பல்கலைக்கழகத்துக்கும் அன்றைக்கே செய்தி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் வீட்டுக் கூடமே பட்டறையாயிற்று. ரொஸ்னா பிள்ளைகளோடு வந்து தூளை அளந்து போட்டாள். சந்திரசேகரன் ஒட்டினான். வீடு முழுக்க ஜாதிக்காய் நெடி. கந்தப்பு கொஞ்ச நேரம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகன் காகிதத்தைக் கோணலாக மடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "இப்பிடியே மடிக்கிறது? கொண்டா இங்கை" என்று பிடுங்கிக்கொண்டார். பொழுது சாயும்வரை அவர்தான் மடித்தார். மூலையோடு மூலை பிசகவில்லை.

"வெரி ஸ்மார்ட், அங்கிள்" என்றாள் ரொஸ்னா.

"இது யாவாரம் இல்லை. ஸ்டேஷனரி வேலை" என்றார் கந்தப்பு.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு போன அன்று காலையில் அடைமழை. சந்திரசேகரனின் நண்பன் ஒருவனுடைய வேன் கிடைப்பதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. நல்லமுத்து கடையில் நல்ல வியாபாரம். பெட்டியை இறக்கியதும் அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பொட்டலம்தான் அண்ணே. கொண்டாங்கன்னு சொன்னீங்களே."

"ஓ, அதுவா. இப்ப வேணாம்மா."

"அப்ப எப்ப வேணும்?"

"எப்பவும் வேணாம்மா. கோச்சுக்காதீங்க."

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். வடிவம்மாளிடம் போனாள். வேண்டாம். அடுத்த கடை, அதற்கடுத்த கடை. வேண்டாம், வேண்டாம். ஒரே தெரு, அதே மனிதர்கள், அதே வாய்கள்! நனைந்த பெட்டியோடு நல்லமுத்துவிடமே திரும்பிவந்து நின்றாள். அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தாதவள் அன்றைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லக் கூடாதா அண்ணே? நாக்கு அழுகிடுமா? உங்க பேச்சை நம்பி ஒரு வீடே உக்காந்து பொட்டலம் கட்டியிருக்கு!"

"என்னம்மா பேசுறீங்க? போணி ஆகாத நேரத்துல வந்து நின்னுட்டு வேணுமா வேணுமான்னா, நான் என்னத்தச் சொல்றது? முதக் காசு கைல வாங்காம எந்தக் கடைக்காரன் 'வேணாம்', 'இல்ல'ன்னு வாயத் தொறப்பான்? அன்னிக்கு யாவாரம் விளங்குமா? உப்பு தீந்துபோனாக்கூட 'நெறைஞ்சிருக்கு'ன்னுதானே சொல்லுவோம்! நீங்க தமிழ்ப் புள்ளதானே? இதுகூடவா தெரியாது?"

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்ல யார் கடை வச்சிருந்தாங்க?"

"அப்ப என்னைத் திட்டாதீங்க. உங்கள வளத்தவங்களப் போய்த் திட்டுங்க!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். நல்லமுத்துதான் முதலில் இறங்கிவந்தார். ஸ்டூலைத் தள்ளிப்போட்டார்.

"உங்க சாமான் நல்ல சாமான்மா. அது பொய் இல்ல. ஆனா இதக் கொண்டுபோய் வாசல் மூட்டைல போட்டா, வர்றவங்க என்ன கேப்பாங்க? 'என்ன முதலாளி, உங்க கடைல வண்டு இருக்கா?' முடிஞ்சுது. எல்லாக் கடைலயும் வண்டு இருக்கு. எவன் ஒத்துக்குவான்?"

பத்மாவதி ஈரச் சேலையோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கோபம் வடிய வடிய அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி விழித்துக்கொண்டாள். வாசல் மூட்டையை வாங்குகிறவன் பார்க்கிறான். கிட்டங்கியில் அடுக்கிக் கிடக்கிற மூட்டையை யார் பார்க்கிறார்கள்? அங்கே போட்டால்? அங்கே காற்று இருக்காது, சூடு அதிகம், சாரம் எத்தனை நாள் தாங்கும்? சோதித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதமும் ஓடுகிற ஒரு ஃப்ரீசரும் வேண்டும். சந்தை சொல்லும் என்றார்களே, உண்மையிலேயே சொல்லிவிட்டது!

அந்தச் சந்தோஷத்தோடுதான் அம்பிகைபாகன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பைத்தியக்காரி.

"ஷ்ஷ்" என்றார் அவர், கதவைச் சாத்திவிட்டு. "இதை வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல. ஆனா வகுப்புல சொல்லணும் டாக்டர். எனக்குக் கிடைச்ச பதில் தப்பு. கேட்ட நேரம் தப்பு. கிட்டங்கில போய்க் கேட்டா—"

"பத்மா. ஒரு தெருவே வாங்கத் தயார்னு மேல சொல்லியாச்சு. அடுத்த மாசம் காட்சி நாள், எல்லா டீமும் மேடையேறிக் காட்டணும். மினிஸ்ட்ரிக்காரங்க வர்றாங்க. ரெண்டாம் கட்டப் பணம் அன்னிக்குத்தான் முடிவாகும். இப்பப் போய் தப்பாக் கேட்டுட்டேன்னா, அசிங்கம் யாருக்கு?"

"கேளுங்க கேளுங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"கேக்கத்தான் சொன்னோம்." அவர் மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். "மேடைல நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சிரிச்சுட்டு நில்லுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன். உங்க லேப், ரொஸ்னா வேலை, ரெண்டையும் நெனச்சுப் பாருங்க."

எவ்வளவு நாசூக்காகக் கழுத்தில் கத்தி வைக்கிறான் மனுஷன்!

வீட்டில் சொன்னாள். சந்திரசேகரன் ஒரு வேலை விண்ணப்பக் கவரை ஒட்டிக்கொண்டிருந்தான். "சும்மா நில்லு பத்மா. வாயே தொறக்க வேணாங்கிறார்ல? எனக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும்தான். என்ன போகுது?"

"பொய்க்குத் துணை போகாதை. வேலையையும் விட்டிடாதை" என்றார் கந்தப்பு.

"ரெண்டும் எப்படிப்பா முடியும்?"

"அது உன்ரை கெட்டித்தனம்."

அவளைக் 'கக்', அக்கா என்று கூப்பிடும் ரொஸ்னாவிடம்தான் கடைசியாகக் கேட்டாள். இருவரும் ஆய்வகத்தில் கேண்டீன் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ரொஸ்னா சுத்தியலைக் கீழே வைக்காமலே மலாயில் சொன்னாள்: "இப்ப வாங்குறாங்கன்னு சொல்வோம். அடுத்த வருஷம் எத்தனை வித்துச்சுன்னு கேப்பாங்க. அப்ப டாக்டரா வந்து நிப்பார்? நம்ம ரெண்டு பேரையும்தான் நிக்கவைப்பாங்க. சொல்லிடுங்க கக். எனக்கு வேலை போனா வேற ஐஸ் உடைக்கிறேன்."

காட்சி நாளன்று அதே ஹோட்டல். வெளியே கடல், உள்ளே குளிர். முன்வரிசையில் அமைச்சக அதிகாரிகள். அம்பிகைபாகன் கார் அனுப்பி நல்லமுத்துவையே வரவழைத்திருந்தார். சலவைச் சட்டையும் புது மிதியடியுமாக அவர் மூன்றாவது வரிசையில் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து பத்மாவதியின் முறை வந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அம்பிகைபாகன் மைக்கோடு இறங்கிப்போய் மலாயில் கேட்டார்:

"முதலாளி, இந்தப் பொருளை உங்கள் கடைக்கு வாங்கலாமா?"

நல்லமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய மனிதர்கள், அவ்வளவு பெரிய மண்டபம். "போலெ, போலெ" என்றார். முடியும், சரி, ஆகட்டும், ஆளை விடு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மண்டபம் கைதட்டியது. அமைச்சகத்துப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பித் தலையாட்டினார்.

பத்மாவதி சிரித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவ்வளவுதான் கேட்டார்கள். அவள் மேடையின் விளிம்புக்கு வந்தாள். தமிழில் கேட்டாள்.

"அண்ணே, இன்னிக்குப் போணி ஆயிடுச்சா?"

நல்லமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"காலைலயே ஆயிடுச்சும்மா."

"அப்பச் சரி. இப்ப மத்தியானம். இது கடையும் இல்ல. இப்பச் சொல்லுங்க. வாங்குவீங்களா, மாட்டீங்களா?"

அவர் அம்பிகைபாகனைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வேணாம்மா" என்றார். சத்தமாகவே சொன்னார்.

"வேண்டாம் என்கிறார்" என்று பத்மாவதி மலாயில் சொன்னாள். "அந்தத் தெருவில் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அது கேட்கவில்லை. கேட்டதும் டாக்டரிடம் சொன்னேன், மேடையில் சிரிக்கச் சொன்னார். இந்தப் பணம் எங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வந்தது. கேட்டுக் கொண்டுவந்த பதிலை ஒளிக்கச் சொல்வதற்கா வந்தது? கிட்டங்கிகளில் கேட்க எனக்கு ஆறு மாதம் கொடுங்கள். ஃப்ரீசரை ஓடவிடுங்கள். சரியான பதிலோடு வருகிறேன்."

யாரும் கைதட்டவில்லை. அமைச்சகத்துப் பெரியவர் எதையோ குறித்துக்கொண்டார். அம்பிகைபாகன் அழகாகச் சிரித்து, அடுத்தவரை மேடைக்கு அழைத்தார்.

டிசம்பரில் இரண்டு ஒப்பந்தங்களும் முடிந்தன. ஆறு மாதம் தரவில்லை. ஜாதிக்காய்ச் சாக்குகளை ஆய்வகத்து வாசலில் எடுத்து வைத்துவிட்டார்கள். சந்திரசேகரன் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனான். பத்மாவதி ஆயர் ஈத்தாம் கடைவீட்டு மாடியில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுத்தாள். இதுவரைக்கும் எந்த ஊரிலும் நடக்கிற அநியாயம்தான். பினாங்கில் நடந்தது இதற்கு மேலே.

ஜரிங்கானுக்கு இரண்டாம் கட்டப் பணம் கிடைத்துவிட்டது! தோல்வியை மறைக்காமல் மேடையேற்றிய ஒரே பயிற்சித் திட்டம் என்று பாராட்டிக் கொடுத்தார்களாம். அவள் ஆய்வகத்து மேசைகளைப் பெயர்த்தெறிந்து, கம்பளம் விரித்து, நீள்வட்ட மேசை போட்டு, அந்த அறையையே பயிற்சிக்கூடமாக்கினார்கள். அங்கே காப்பி ஊற்றிக்கொடுக்கிற வேலைக்கு ஒரு குத்தகைக் கம்பெனி ஆளெடுத்தது. ரொஸ்னா அதில்தான் சேர்ந்தாள். ஐந்து வருஷம் தராசும் குடுவையும் பிடித்த கை, அதே அறையில் காப்பித் தட்டு பிடித்தது.

ஒரு நாள் காலை, பத்மாவதி வீட்டில் முதல் டம்ளர் தேத்தண்ணி இறங்குமுன்னே போன் அடித்தது. அம்பிகைபாகன்.

"பத்மா! எப்படி இருக்கீங்க? புது பேட்ச் இருபத்தி மூணாந் தேதி தொடங்குது. முதல் கிளாஸ் நீங்கதான் எடுக்கணும். உங்க தோல்விக் கதை இருக்கே, அந்த போணிக் கதை, அது இப்ப நாலு யுனிவர்சிட்டிலயும் ஃபேமஸ். நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும். பணம் எல்லாம் இல்ல, இது ஒரு சர்வீஸ்தானே. வருவீங்கல்லா?"

ஃப்ரீசர், ஐஸ், ஐந்து வருஷம், ரொஸ்னாவின் காப்பித் தட்டு எல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. ஜன்னலுக்கு வெளியே கொடிமலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பத்மாவதி குடிக்காத டம்ளரை அப்படியே தள்ளி வைத்தாள்.

"ஏன் வராம டாக்டர்? செய்வோம், செய்வோம். பார்ப்போம்."

"கிரேட்! பேரைப் போட்டுடறேன்!"

கந்தப்பு பேப்பரைத் தாழ்த்தினார். "என்னவாம்? போகப் போறியோ?"

"இன்னும் போணி ஆகலையேப்பா. பார்ப்போம்னு சொல்லியிருக்கேன்."

கந்தப்பு பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இருபத்து மூன்றாம் தேதி காலை மறுபடி போன். ரொஸ்னா. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"கக், உங்க பேரைத் திரையில பெரிசாப் போட்டிருக்காங்க. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. ரெண்டு தடவை காப்பி ஊத்திட்டேன். டாக்டர் வாசலையே பார்த்துட்டு நிக்கிறார். வர்றேன்னு சொன்னாங்களேங்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

பத்மாவதி டியூஷன் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சந்தை சொல்லிடுச்சாம், காது குடுத்துக் கேக்கலையான்னு கேளு ரொஸ்னா. அவங்க பாடத்துல முதல் பாடமே அதுதான்லா."